மூன்றாவது சான்றிதழ்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. வரி தொடங்கும்போது கோட்டின் மேல் இருக்கும், முடியும்போது கீழே சரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்று இன்றைக்கும் தயங்குகிறேன். டீக்கடையில் பேப்பர் படித்துப் படித்து வாசிப்பு வந்துவிட்டது, எழுத்து வரவில்லை. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் மனதுக்குள் திருத்திக்கொள்ள வேண்டும்.

பேச்சும் எனக்கு அப்படித்தான். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் ரசம் கொண்டுவருகிறவர் என் இலையைத் தாண்டிப் போய்விட்டால் கூப்பிட மாட்டேன், வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிடுவேன். என் மனைவி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் என் மகளிடம் மட்டும் நன்றாகப் பேசுவேன். அவளிடம் பேசும்போது எனக்குச் சொற்கள் எங்கிருந்தோ வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் வேலை பார்த்தேன். தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் முடிந்து வரும் துணிகளை நீராவிப் பெட்டியால் தேய்த்து, மடித்து, பேக்கிங்குக்கு அனுப்புவது. நின்றபடியே செய்கிற வேலை. எங்கள் பிரிவில் நான்கு டேபிள். ஒன்றில் நான். அடுத்ததில் குன்னத்தூரிலிருந்து தினமும் வண்டியில் வருகிற ஒருவர். மானாவாரிக் காடு கொஞ்சம் வைத்திருந்தார், மழை இல்லாமல் அயர்ன் பெட்டியைப் பிடித்தவர். மூன்றாவதில் ஒடிசாக்காரத் தம்பி. நான்காவதில் அண்ணாச்சி. தென்பக்கத்திலிருந்து வந்தவர். கல்யாணம் ஆகும் முன்பே திருப்பூருக்கு வந்தவர், பேரன் எடுத்த பிறகும் இங்கேயே இருந்தார். ஊர்ப் பேச்சு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

தேய்த்த துணிகளை அடுக்கி, நசுங்காமல் லேசாகச் சுற்றிக் கட்டு போடுவோம். கட்டுவதற்குக் கட்டிங்கில் விழுகிற வேஸ்ட் துணியை நாடாவாகக் கிழித்துக்கொள்வோம். டேபிளுக்கு ஒரு நிறம். என்னுடையது நீலம், குன்னத்தூர்க்காரருக்குப் பச்சை, தம்பிக்குச் சிவப்பு, அண்ணாச்சிக்கு மஞ்சள். சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து நிறத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு போவார். சம்பளம் ஷிப்ட் கணக்கு, கட்டுக் கணக்கு இல்லை. ஆனாலும் எந்த நிறம் தொடர்ந்து குறைகிறதோ, அந்த ஆளை ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள். அதன் பிறகு அந்த ஆள் வர மாட்டார்.

அண்ணாச்சிக்கு வலது தோள் இறுகிப் போயிருந்தது. பெட்டியைத் தள்ளுவார், ஆனால் தூக்கி மறுபக்கம் வைக்கும்போது முகம் சுருங்கும். அவருடைய கட்டு குறைய ஆரம்பித்தது. ஒருநாள் குன்னத்தூர்க்காரர் தான் தேய்த்த அடுக்கில் மஞ்சள் நாடாவைக் கட்டி அண்ணாச்சி பக்கம் நகர்த்திவிட்டார். மறுநாள் நானும் கட்டினேன். அதுவே வழக்கமாகிவிட்டது. ஒடிசாத் தம்பிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் புரிந்துகொண்டான். துணியை மடித்துவிட்டு இரண்டு நாடாவையும் தூக்கிக் காட்டி, “அண்ணா, செவப்பு? மஞ்ச?” என்று கண்ணடிப்பான்.

அண்ணாச்சி நன்றி என்று சொன்னதில்லை. சாயங்காலம் தன் பக்கம் குவிந்த கட்டுகளைப் பார்த்து, “என்னவே, எங்க டேபிளுக்கு மஞ்சக்காமாலை முத்திட்டு போல” என்பார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்போம்.

இனி என் மகளைப் பற்றி. அவள் காலேஜில் பி.காம் படிக்கிறாள். கடைசி வருஷம். எங்கள் வழியில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். டிகிரி வாங்கினால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போதாது என்று அவள்தான் சொன்னாள்.

“டிகிரி எல்லார்கிட்டயும் இருக்குதுங்கப்பா. அதுக்கு மேல என்ன வெச்சிருக்கறேன்னுதான் இப்பக் கேக்கறாங்க.”

அதற்காக செல்போனிலேயே படிப்பு. காலையில் காலேஜ், சாயங்காலம் ஆன்லைன். முதலில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் படிப்பு ஒன்று முடித்தாள். அடுத்து ஆபீஸ் இங்கிலீஷ். எங்கோ வெளிநாட்டில் இருக்கிற ஒரு வாத்தியார் பாடம் எடுப்பார், இவள் எங்கள் லைன் வீட்டில் உட்கார்ந்து கேட்பாள். வீட்டுக்குள் சிக்னல் வராது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் வரும். அங்கே ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் ஒருநாள் என் காதுபடவே பேசினார்கள்.

“எந்நேரமும் போனு. எந்தப் பையன்கிட்டப் பேசுதோ, யாரு கண்டா?”

எனக்கு அன்றைக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. “பாடம் நடக்குதுங்க. வாத்தியார் கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்குது. கொஞ்சம் சத்தம் போடாம தண்ணி புடிங்க” என்றேன். அந்த லைன் வீட்டுக்குக் குடிவந்த பிறகு நான் குரல் உயர்த்திப் பேசியது அன்றைக்குத்தான். மகள் காதில் மாட்டியதை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாவது படிப்பு, கம்பெனிகளில் வேலை எப்படி நடக்கிறது, நேரம் எங்கே வீணாகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதைப் பற்றியது. அதை முடிக்கிறவர்கள் ஒரு வேலை இடத்துக்கு நேரில் போய், அங்கே இருக்கிற ஒரு குறையைக் கண்டுபிடித்து, வழியும் சொல்லி, ஒரு வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். அதில் தேறினால்தான் சான்றிதழ்.

“உங்க கம்பெனியில கேட்டுப் பாக்கறீங்களாப்பா?” என்றாள்.

முதலாளியிடம் அதுவரை நான் எதையும் கேட்டதில்லை. லீவு வேண்டுமென்றாலும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். மகளுக்காக ஆபீஸ் கதவைத் தட்டினேன். முதலாளி மரியாதையான மனிதர். வேலை செய்கிறவர்கள் யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார்.

“அதுக்கென்னங்க, நம்ம பாப்பாதானுங்க. வரச் சொல்லுங்க. படிக்கற புள்ளைக்கு நாமதான ஒத்தாசை பண்ணோணும்” என்றார்.

காலேஜ் லீவில் வந்தாள். எங்கள் பிரிவிலேயே அன்றைக்கு எல்லோரும் தலை சீவிக்கொண்டு வந்திருந்தார்கள். குன்னத்தூர்க்காரர் அயர்ன் செய்த சட்டை போட்டிருந்தார். அதுவரை நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. ஊரார் துணியைத் தேய்க்கிறவர்கள் நாங்கள், எங்கள் துணி கசங்கித்தான் இருக்கும்.

“கண்ணு, தொப்பை தெரியாம எடு சாமி” என்றார் அவர்.

“எம்மா, என்னைய மட்டும் நல்லா எடு. ஊர்ல இருக்க என் சம்சாரம் பாத்துட்டு, இந்த ஆளு அங்க நிழல்லதான் நிக்காருன்னு நம்பட்டும்” என்றார் அண்ணாச்சி.

டீ நேரத்தில் அவளுக்கு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தது அண்ணாச்சிதான். அவளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னைப் போல இல்லாமல் மனிதர்களோடு பேசத் தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குன்னத்தூர்க்காரர் தன் காட்டில் விளைந்த நிலக்கடலை கொஞ்சம் கொடுத்திருந்தார். நானும் மனைவியும் மகளும் தரையில் உட்கார்ந்து தொலி உரித்துக்கொண்டிருந்தோம். மகளின் போன் முறத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. அது எப்போதும் அவளுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நான் கவனிக்கவில்லை.

“ஏனுங்கப்பா, ஒண்ணு கேக்கட்டுங்களா? வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அண்ணாச்சி கை மெதுவாத்தான் போகுது. ஆனா அவரு பக்கம் கட்டு மட்டும் சேந்துக்கிட்டே இருக்குதே, எப்படிங்கப்பா?”

நான் சிரித்தேன். பிறகு சொன்னேன். தோள் வலியில் ஆரம்பித்து, குன்னத்தூர்க்காரர் முதல் நாடா கட்டியது, தம்பி கண்ணடிப்பது, மஞ்சக்காமாலை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி பெட்டியைத் தூக்கும்போது உதட்டை எப்படிக் கடித்துக்கொள்வார் என்று சொல்லி, செய்தும் காட்டினேன். மூன்று பேர் நினைத்தால் நாலு டேபிள் வேலையை இழுத்துவிட முடியும், ஆனாலும் மனிதன் மிஷின் இல்லையே என்றெல்லாம் பேசினேன். என் மனைவியே ஆச்சரியமாகப் பார்த்தாள்.

மகள் கண் விரிந்தது. “அப்பா, நீங்க செய்யறதுக்கு ஒரு பேரே இருக்குதுங்க. எங்க பாடத்துல வருது. லைன் பேலன்சிங். ஒரு ஆளுகிட்டத் தேங்கற வேலைய மத்தவங்க பிரிச்சுக்கறது. யாரும் சொல்லிக்குடுக்காம நீங்களே செய்யறீங்க!”

நாங்கள் ஒளித்துச் செய்துகொண்டிருந்த ஒன்றுக்குப் புத்தகத்தில் பேர் இருக்கிறது என்றதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் பேசினேன். கடலை உரிக்கிற கை நின்றுபோனதுகூடத் தெரியாமல் பேசினேன்.

மனைவிதான் கடைசியில் சொன்னாள். “போதுமுங்க. கண்ணு, இதெல்லாம் ஊட்டோட இருக்கட்டும். வெளிய சொல்லிப்புடாதே.”

“செரிம்மா” என்றாள் மகள்.

ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, வேலை நடுவே ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். முதலாளியும் சூப்பர்வைசரும் இருந்தார்கள். சுவரில் பெரிய டிவி. எப்போதும் கேமராப் படம் ஓடும் அதில் அன்றைக்கு என் மகளின் வீடியோ நின்றிருந்தது.

“உக்காருங்க, உக்காருங்க. பாப்பா எனக்கு நேத்தே அனுப்பிருச்சுங்க. ரெண்டு தடவ பாத்துட்டேன். நீங்களும் பாக்கோணுமில்லீங்க?”

ஓட விட்டார். மகளின் குரல் இங்கிலீஷில் வந்தது. எனக்குப் புரியவில்லை, ஆனால் தடுமாறாமல் பேசினாள். அந்தக் குரலைக் கேட்க நன்றாக இருந்தது. பிறகு திரை முழுக்க ஒரு ஜோடிக் கை வந்தது. நீல நாடாவை விட்டுவிட்டு மஞ்சள் நாடாவை எடுத்துச் சுற்றியது. கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு. என் கை. அடுத்து ஒரு ஆண் குரல் தமிழில் பேசியது. யாரோ வெளியாள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டதில்லை. ‘மூணு பேரு நெனச்சா நாலு டேபிளு வேலைய இழுத்துரலாம் கண்ணு’ என்றது அந்தக் குரல். கடலைத் தொலி நொறுங்கும் சத்தமும் சேர்ந்து கேட்டது.

முதலாளி அங்கேயே நிறுத்தினார்.

“என்ன தெளிவாச் சொல்லியிருக்குது பாருங்க. நானும் இத்தன வருசமா கம்பெனி நடத்தறேன், எனக்கே தெரியலீங்க. நாலு டேபிளு வேண்டியதில்ல, மூணே போதும். நான் சொல்லலீங்க. நீங்களே சொல்றீங்க, இல்லீங்களா?”

சூப்பர்வைசர் என்னைப் பார்க்காமல் நின்றார். அவருக்கு மஞ்சள் நாடா விஷயம் முன்பே தெரிந்திருக்கும் என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் பட்டது. தெரிந்தும் எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். “ஆமாங்க” என்றுதான் வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகள் தொட்டி அருகில் குடத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

“முதலாளி பாத்துட்டாருங்களாப்பா? என்ன சொன்னாரு?”

“எம்பட பேச்சை எப்பக் கண்ணு புடிச்சே?”

அவள் முகம் மாறியது. “நோட்ஸுக்குத்தாங்கப்பா ரிக்கார்டு போட்டேன். அப்பறம் கேட்டுப் பாத்தா அவ்வளவு நல்லா இருந்துச்சு. வேலை செய்யறவங்க குரலே வந்தா மார்க் அதிகம்னு போட்டிருந்தாங்க. பேரு எங்கியுமே போடலீங்கப்பா.”

“பேரு எதுக்குக் கண்ணு? எம்பட கை இருக்குதே. குரல் இருக்குதே. முதலாளிகிட்ட எதுக்கு அனுப்பினே?”

“கம்பெனியில காட்டி, அவங்க கருத்தையும் வாங்கி அனுப்போணும்னு விதி. அதுவுமில்லாம கடைசியில நான் வழி சொல்லியிருக்கறேன். நீங்க முழுசாப் பாத்தீங்களா?”

“முழுசா ஓடலை.”

போனில் காட்டினாள். வீடியோவின் கடைசியில் ஒரு படம் வரைந்திருந்தாள். டேபிள், பக்கத்தில் ஒரு ஸ்டூல். அண்ணாச்சியை அயர்னிலிருந்து மாற்றி, உட்கார்ந்து லேபிள் மாட்டுகிற வேலை கொடுத்தால் அவர் தோளுக்கும் நல்லது, வேலையும் தேங்காது என்று எழுதியிருக்கிறாளாம். இங்கிலீஷில் இருந்ததை எனக்குச் சொல்லிக் காட்டினாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

“அண்ணாச்சிக்கு நல்லது செய்யோணும்னுதானுங்கப்பா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

போனை அணைத்தாள். பிறகு, “கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க” என்றாள்.

ஆமாம், சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கேட்காமல் விட்டிருக்கிறாள். மற்றதையெல்லாம் என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தெரியாமல் செய்துவிட்டாள், வயசு, அனுபவம் இல்லை என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த ஒரு பதில் மட்டும் எதிலும் அடங்கவில்லை.

மறுநாள் அண்ணாச்சியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவர் போய்த் திரும்பி வரும்வரை நாங்கள் மூன்று பேரும் பெட்டியைத் தள்ளினோம். யாரும் நிமிரவில்லை. வந்தவர் தன் டேபிளில் கிடந்த நாடாக்களைச் சுருட்டி ஒரு மூலையில் வைத்தார். டிபன் பையை எடுத்துக்கொண்டார்.

“ஊர்ல போய்க் கொஞ்ச நாள் ஓய்வெடுங்கன்னு சொல்லுதாரு. எவ்வளவு மரியாதையாச் சொல்லுதாரு, தெரியுமா? சண்டை போடவே வழியில்ல” என்றார்.

வண்டி நிறுத்தும் இடம்வரை அவர் பின்னால் போனேன். அவரே திரும்பினார்.

“எனக்கும் போட்டுக் காட்டினாரு. நீ பேசினதக் கேட்டேன்வே.”

நான் தரையைப் பார்த்தேன்.

“என் தோளு வலியப் பத்தி நானே அவ்வளவு வெவரமாச் சொன்னதில்ல. நான் உதட்டக் கடிக்கதக்கூடக் கவனிச்சிருக்க. இத்தனை வருசம் பக்கத்துல நின்னேன், எங்கிட்ட ஒருநாளாவது இப்படிப் பேசியிருக்கியாவே?” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “பிள்ளையத் திட்டாத. நல்லா வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கோபப்பட்டது குன்னத்தூர்க்காரர்தான். நான்காவது டேபிளை எடுத்துவிட்டார்கள், துணி மட்டும் குறையவில்லை. டீக்கடையில் நான் போய் நின்றால், “படிச்ச பொண்ணோட அப்பா வர்றாருங்க. எல்லாரும் வாய மூடிக்கங்க. வீடியோ ஓடும்” என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். ஒருநாள் நேராகவே கேட்டார்.

“ஏனுங்க, ஊட்ல பேசறதுக்கு வேற விசயமே இல்லீங்களா உங்களுக்கு?”

வேறு விஷயம் எனக்கு ஏது? காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த டேபிள்தான் என் உலகம். மகள் கேட்டதும் அதைத்தான் கொடுத்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒடிசாத் தம்பி மட்டும் பழையபடி சிரித்தான். ஆனால் அவன் கையில் இப்போது சிவப்பு நாடா ஒன்றுதான் இருந்தது.

மகள் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். விஷயம் தெரிந்ததும் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு, என்னிடம் சொல்லாமல் கம்பெனிக்கு வந்தாள். நான் அயர்ன் செய்துகொண்டிருந்த இடத்திலிருந்து ஆபீஸ் கண்ணாடிக் கதவு தெரியும். உள்ளே போனாள். போனைத் திருப்பிக் காட்டினாள். முதலாளி தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவளுக்கு ஜூஸ் வந்தது. வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

என்ன நடந்தது என்று சாயங்காலம் அவளே சொன்னாள். அண்ணாச்சியைத் திரும்பக் கூப்பிட்டு உட்காருகிற வேலை கொடுங்கள், அதுதான் என் புராஜெக்டின் முடிவு என்று கேட்டிருக்கிறாள்.

“பாப்பா, நீ எழுதினது பாடம். அதுல கம்பெனிக்கு ஆகறத நான் எடுத்துக்கிட்டேன். லேபிள் மாட்டறதுக்குப் பொம்பளையாளுங்க இருக்கறாங்களே சாமி. அத வுடு. டிகிரி முடிஞ்சதும் நேரா இங்க வந்துரு. உன்னாட்டத்தான் ஒரு ஆளு வேணும்னு தேடிக்கிட்டு இருந்தேன்” என்றாராம்.

சொல்லிவிட்டு அழுதாள். மனைவி அவளை அணைத்துக்கொண்டு, “அந்தாளை நம்பி நீ ஏஞ்சாமி அனுப்பினே?” என்று தானும் அழுதாள். நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். முன்பெல்லாம் அவள் அழுதால் முதலில் போய் உட்காருகிறவன் நான். அன்றைக்குக் கால் நகரவில்லை. முதலாளி அவளை ஏமாற்றிவிட்டார், அது உண்மை. அவளுக்காக வருத்தமும் இருந்தது. ஆனால் என்னை ஏமாற்றியது முதலாளி இல்லை. அவரிடம் நான் எதையும் நம்பிக் கொடுக்கவில்லை.

பிறகு சான்றிதழ் வந்தது. மற்ற இரண்டும் வந்தபோது ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியவன் நான். இது போனிலேயே இருந்தது. யாரும் பிரிண்ட் எடுக்கலாம் என்று சொல்லவில்லை.

“வீடியோவை எடுத்துரச் சொல்லிக் கேட்டேங்கப்பா. மார்க் போட்டதுக்கப்பறம் எடுக்க முடியாதுங்கறாங்க” என்றாள் ஒருநாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, “கூடப் படிக்கறவங்கதான் மார்க் போடறது. வேற நாட்டுல ஒருத்தங்க எழுதியிருக்காங்க, பாஷை புரியலைன்னாலும் அந்தத் தொழிலாளியோட குரல்தான் இதுல ரொம்ப நல்லா இருக்குதுன்னு” என்றாள்.

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். எனக்கு அந்த முகம் தெரியாத ஆள் மேல்கூடக் கோபம் வந்தது. அது ஒரு தொழிலாளியின் குரல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு அப்பன் தன் மகளிடம் பேசியது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. மகள் எதிரே வந்து உட்காருகிறாள். உட்காரும் முன் போனைக் கொண்டுபோய் அலமாரி மேல் வைத்துவிட்டு, வைத்தது எனக்குத் தெரிகிறமாதிரி வருகிறாள். “அப்பறம், சொல்லுங்கப்பா” என்கிறாள். சோறு நன்றாக இருக்கிறது, வெயில் அதிகம், பஸ் தாமதம் என்று ஏதோ சொல்கிறேன். பொய் சொல்லவில்லை. பேச்சை வேண்டுமென்று மூடி வைக்கவும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். அவள் காத்திருந்துவிட்டு எழுந்து போகும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. மனைவி, “பெத்த புள்ளைகிட்ட என்னங்க வைராக்கியம்?” என்கிறாள். இது வைராக்கியம் இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. பேசித்தான் புரியவைக்க வேண்டும், அதுவும் என்னால் ஆகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய கம்பெனியில் நிற்க முடியவில்லை. அருள்புரத்தில் வேறொரு கம்பெனிக்கு மாறிவிட்டேன். அதே அயர்ன் வேலைதான். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. பக்கத்து டேபிளில் நிற்கிறவர் நன்றாகப் பேசுகிற மனிதர். போன வாரம் டீ குடிக்கும்போது விசாரித்தார்.

“உங்களுக்கு எத்தனை கொழந்தைங்க?”

“ஒரு பொண்ணுங்க.”

“என்ன பண்ணுது?”

“காலேஜ் போகுதுங்க. பி.காம்.”

“சும்மா டிகிரி மட்டுமா? எங்க அண்ணன் பையன் காலேஜோட சேத்து ஆன்லைன்ல என்னென்னமோ படிக்கறானுங்க. இப்பல்லாம் அதுதானே கேக்கறாங்க. உங்க பொண்ணு அந்த மாதிரி ஏதாச்சும் படிக்குதுங்களா?”

டம்ளரைக் கழுவி வைத்தேன்.

“இல்லீங்க. டிகிரி மட்டுந்தானுங்க” என்றேன்.

ஆவணி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.